நாள்தோறும் நெடுவழி செல்வார்க்கு ஏற்ற பழைய மோட்டார்

ஊர் ஓரிடமும் உத்தியோகம் வேறோரிடமுமாக வாழ்வது இந்நாளில் நம்மவர் பலர்க்கு இயல்பாகிவிட்டது. கோவில்பட்டியில் வீடும் பாளையங்கோட்டையில் வேலையுமாக உள்ள ஓராசிரியரை எடுத்துக்கொள்வோம். போக 55, வர 55, ஆக நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 கிலோமீட்டர். விடியுமுன் எழுந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, மாலையில் விடைத்தாட் கட்டுடன் மீண்டும் நின்றுகொண்டே வீடு சேரும் ஒருவர்க்கு, ஒரு பழைய மோட்டார் வாங்கிவிட்டால் என்ன என்னும் எண்ணம் எழுதல் இயற்கையே. புதிய வண்டிக்கு வேண்டும் பொருள் கையில் இல்லை. பழையதற்கு ஓரளவு உண்டு. இத்தகைய நண்பர்கள் எம்மிடம் அபிப்பிராயம் கேட்பது ஆண்டுதோறும் மிகுந்து வருகின்றமையின், அவரவர்க்குத் தனித்தனியே கூறி வந்ததனை ஈண்டு எல்லார்க்குமாக எழுதலானோம்.

வேண்டிய நேரத்திற்கு ரயில் வாய்க்கப்பெற்றவர் இக்கட்டுரையை இவ்விடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். ரயில் சீசன் டிக்கட்டோடு செலவில் போட்டியிடத்தக்க மோட்டார் இன்னும் பிறக்கவில்லை. அவ்வசதி வாயாதவர்க்கே மேல்வருவன.

இவ்விஷயத்தில் எம் கட்சி ஒன்றே. வண்டியின் விலை ஆண்டுதோறும் இறங்கும். அதனைப் பேணும் செலவு இறங்குவதில்லை. இவ்வுண்மையை மறந்தே நம்மவர் பலர் இடர்ப்படுகின்றனர். புதிதாக இருந்தகாலை 15 லட்சத்திற்கு விற்ற பெருவண்டி ஒன்று, பத்தாண்டு கழித்து மூன்று, மூன்றரை லட்சத்திற்கு வருகிறது என்று கொள்வோம். அதே தொகைக்கு ஆறாண்டு ஓடிய சிறு வண்டி ஒன்றும் வருகிறது. நம் நண்பர் முன்னதையே நோக்குவார். அகன்ற இருக்கையும், பளபளக்கும் முகப்பும், வாயிலில் நிறுத்தினால் அண்டை வீட்டார் திரும்பிப் பார்க்கும் கம்பீரமும் அவரை இழுக்கும். ஆயின் அதன் முகவிளக்கு ஒன்று உடைந்தால், கடைக்காரன் மூன்று லட்ச வண்டிக்குரிய விலையையா கேட்பான்? 15 லட்ச வண்டிக்குரிய விலையையே கேட்பான். கிளட்ச்சும் கியர்ப்பெட்டியும் அவ்வாறே. முதல் உடைமையாளர் அதனை ஏன் விற்றார் என்பதற்கு விடை பெரும்பாலும் இவ்விடத்தேதான் இருக்கின்றது.

எரிபொருட் கணக்கையும் பார்ப்போம். ஆண்டுக்கு 220 வேலைநாள் என்று வைத்தால் ஓட்டம் 24,200 கிலோமீட்டர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று கணக்கு வசதிக்காகக் கொள்வோம். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் தரும் சிறு வண்டிக்கு 1,210 லிட்டர், அதாவது ஆண்டுக்கு 1,21,000 ரூபாய். 12 கிலோமீட்டரே தரும் பெருவண்டிக்கு 2 லட்சத்திற்கும் மேல். ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 80,000 ரூபாய் வேற்றுமை. நான்காண்டில் இன்னொரு சிறு வண்டியின் விலை! வாங்கும்போது பத்தாயிரம் ரூபாய்க்காக ஒரு மணி நேரம் வாதாடுவோர், இவ்வெண்பதாயிரத்தைக் குறித்து ஒரு நிமிஷமும் எண்ணாதிருத்தல் எமக்கு என்றும் விளங்காத புதிர்.

சுங்கத்தை இங்கே சேர்த்துக்கொள்க. கயத்தாற்றுக்கு அருகிலுள்ள சாவடியைத் தினமும் இருமுறை கடக்கவேண்டும். சொந்த உபயோகக் கார்களுக்கென்று 2025 ஆகஸ்டு 15ஆம் தேதி ஃபாஸ்டாக் ஆண்டுப் பாஸ் ஒன்று 3,000 ரூபாய் விலையில் ஏற்படுத்தப்பட்டது. ஆண்டுப் பாஸ் என்பது பெயரளவே. 200 முறை கடந்தவுடன் அது முடிந்துவிடும். நாளுக்கு இருமுறை கடப்பவர்க்கு அது நூறு வேலைநாளுக்கே காணும். ஆகவே ஆண்டுக்கு இரண்டுக்கு மேல் வேண்டும் என்று கணக்கிட்டுக்கொள்ளல் நலம். அந்தப் பாஸ் வண்டியைச் சார்ந்தது. பிறிதொரு வண்டிக்கு மாற்ற இயலாது.

இனி, பெட்ரோலா டீசலா என்னும் பழைய வழக்கு. ஒரு காலத்தில் நெடுந்தூரம் செல்வார்க்கு டீசலே என்று கண்ணை மூடிக்கொண்டு கூறலாம். சுவிஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா முதலிய பல வண்டிகளில் பொருத்தப்பெற்ற ஃபியட் நிறுவனத்தின் 1,248 சி.சி. எஞ்சின், நாட்டில் எந்த மெக்கானிக்கும் கண்ணைக் கட்டிக்கொண்டு பழுதுபார்க்கத்தக்க எஞ்சினாய் விளங்கிற்று. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி வந்தமையின் மாருதி நிறுவனம் டீசலையே கைவிட்டது. எனவே இன்று கிடைக்கும் சிறு டீசல் வண்டிகளிற் பெரும்பாலன அதற்கு முற்பட்டவை. பல, ஒரு லட்சம் கிலோமீட்டரைக் கடந்தவை. லிட்டருக்கு 22 கிலோமீட்டர் தருமாயின் மேற்கூறிய ஓட்டத்திற்கு ஆண்டில் இருபதினாயிரம் ரூபாய் அளவே மிச்சம். ஓர் இஞ்செக்டர் பழுது அம்மிச்சத்தை விழுங்கிவிடக் கூடும். நல்ல சரித்திரம் உடைய டீசல் வண்டி அறிந்தவரிடமிருந்து கிடைத்தால் வாங்குக. முன்பின் அறியாதவரிடம் வேண்டா என்பதே எம் துணிபு.

பெட்ரோல் வண்டியிலும் ஒரு நுட்பம் உண்டு. இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலே இப்போது பங்குகளில் கிடைக்கின்றது. அதற்கெனவே அமைக்கப்பெற்றவை 2023 ஏப்ரலை ஒட்டியும் அதன் பின்னும் வந்த வண்டிகள். முந்திய வண்டிகளில் மைலேஜ் சிறிது குறையும் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டது. ஆகவே விற்பவர் கூறும் மைலேஜில் சற்றுக் குறைத்தே கணக்கிடுக. கியாஸ் வண்டியாயின், சிலிண்டர் ஆர்.சி.யில் பதிவாகியிருத்தல் வேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை செய்யும் சிலிண்டர் சோதனைச் சான்றும் வேண்டும். டிக்கி பறிபோகும் என்பதையும் நினைக்க. மின்சார வண்டியைக் குறித்து எமக்கு நன்மதிப்பே. 2020 ஜனவரியில் வெளிவந்த முதல் நெக்ஸான் மின்வண்டி, ஒரே சார்ஜில் 312 கிலோமீட்டர் ஓடும் என்று விளம்பரப்படுத்தப்பட்டது. சாலையில் அதில் மூன்றில் இரு பங்கே வரினும் 110க்குத் தாராளம். ஆயின் வீட்டில் சார்ஜ் செய்யும் இடமில்லாத வாடகை வீட்டுக்காரர்க்கு அது பொருந்தாது. பாட்டரியின் உத்தரவாதம் இன்னும் எத்தனை ஆண்டு, எத்தனை கிலோமீட்டர் என்பதே அவ்வண்டியின் உண்மையான வயது.

சில வண்டிகள் காரணமின்றி மலிவாகத் தோன்றும். காரணம் இல்லாமல் இல்லை. செவ்ரலே 2017 இறுதியோடு இந்நாட்டில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு நிறுவனம் 2021 செப்டம்பரில் உற்பத்தியைக் கைவிடுவதாக அறிவித்தது. மறைமலைநகர் ஆலையில் 2022இல் கார் உற்பத்தி நின்றது. அவை நல்ல வண்டிகள் அல்ல என்று யாம் கூறவில்லை. ஓட்டுவதற்கு இனியவை என்று வியப்போரும் உளர். எனினும் காலை எட்டு மணிக்குக் கயத்தாற்றில் வண்டி நின்றுவிட்டால், முதல் பீரியடுக்கு வேண்டிய உதிரிப்பாகம் அங்குள்ள கடையில் இருக்குமா என்பதே நெடுவழி செல்வோன் கேட்கவேண்டிய வினா. வார இறுதியில் ஓட்டி மகிழ்வோன் வேறு. நாள்தோறும் மணியடிக்குமுன் வகுப்பில் நிற்கவேண்டியவன் வேறு.

இதுகாறும் பணத்தைப் பற்றியே பேசினோம். உயிரைப் பற்றியும் பேசுதல் வேண்டும். இதனிடத்தில் எமக்கு விட்டுக்கொடுத்தல் இல்லை. 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகின்றது. நான்கு வழிச் சாலையில் ஆண்டுக்கு 440 முறை செல்பவர், எதிர்த்திசையில் வரும் மோட்டார் சைக்கிளையும், ஓரத்தில் விளக்கின்றி நிற்கும் லாரியையும், இரவில் குறுக்கிடும் ஆட்டு மந்தையையும் மற்றவரினும் பன்மடங்கு எதிர்ப்படுகின்றார். 2014இல் குளோபல் என்கேப் என்னும் அமைப்பு ஆல்டோ, நானோ, ஐ10, போலோ, ஃபிகோ ஆகிய ஐந்து வண்டிகளைக் காற்றுப்பை இல்லாத நிலையில் மோதிப் பார்த்தபோது, பெரியவர் பாதுகாப்பில் ஒன்றேனும் ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. அதன் பின்னரே நிலைமை மாறத் தொடங்கிற்று. 2018 டிசம்பரில் டாட்டா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் பெற்றது. 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். பிரேக்கும், அவ்வாண்டு ஜூலை முதல் ஓட்டுநர்க்குக் காற்றுப்பையும் எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயமாயின. முன்னிருக்கையில் உடனமர்வோர்க்குக் காற்றுப்பை கட்டாயமாவதற்கு 2021 இறுதி ஆயிற்று.

ஆதலின் 2019 ஜூலைக்குப் பின் செய்யப்பெற்ற வண்டியை வாங்குக என்கின்றோம். அதற்கு முந்தியதாயின், ஏ.பி.எஸ்.ஸும் இரு காற்றுப்பையும் உள்ள உயர்வகையை மட்டுமே வாங்குக. பதிவான தேதியை அன்று, ஆர்.சி.யில் உள்ள உற்பத்தி மாதத்தையே பார்க்கவேண்டும். பழைய சரக்கு பின்னர்ப் பதிவாகியிருக்கலாம். ஐம்பதினாயிரம் ரூபாய் குறைகின்றதென்று காற்றுப்பை இல்லாத வண்டியை வாங்கி, மிஞ்சிய பணத்தில் இருக்கையுறையும் பாட்டுப்பெட்டியும் பொருத்துவோரைக் கண்டிருக்கின்றோம். அவரிடத்து எமக்குச் சினத்தைவிட இரக்கமே மிகுகின்றது.

வண்டியைச் சோதிக்கும் வகை பல. நம் பக்கத்தார் மறக்கலாகாதது வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18ஆம் தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த பெருமழையை யார் மறப்பர்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அதே மாதத் தொடக்கத்தில் சென்னையும் மூழ்கிற்று. அந்நீரில் கிடந்த வண்டிகள் கழுவித் துடைக்கப்பெற்று மணம் பூசி நிற்பதுண்டு. சீட் பெல்ட்டை இறுதிவரை இழுத்துப் பாருங்கள். மற்றெல்லாவற்றையும் கழுவியவன் அதன் அடிப்பகுதியில் படிந்த சேற்றுக்கோட்டை மறந்திருப்பான். ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அக்குழியைக் காண்க; இருக்கையின் அடித்தண்டவாளத்தில் துருவுண்டா என்று தடவிப் பார்க்க. நீர் புகுந்த வண்டியின் மின்கம்பிகள் இன்று நன்றாயிருந்து, ஓராண்டு கழித்து நடுவழியில் பழிவாங்கும்.

ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் மீட்டரை மட்டும் நம்பற்க. அதனைக் குறைத்து வைப்பது கடினமான வித்தையன்று. மீட்டர் 40,000 என்று கூற, பிரேக் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் பெடலையே நம்புக. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும்; 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். வாடகைக்கு ஓடிய டி போர்டு வண்டிகளை ஓன் போர்டாக மாற்றி விற்பதும் நம் நாட்டில் உண்டு; பழைய பதிவு விவரத்தைக் கேட்டால் அது வெளிப்படும். ஓட்டிப் பார்ப்பது காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஆகவேண்டும். விற்பவர் முன்னரே சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் வருவதாகக் கூறித் திரும்புக. தெருவைச் சுற்றிவருதல் போதாது. நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் ஓட்டி, சூட்டுமுள் எங்கு நிற்கிறது, பிரேக் மிதித்தால் வண்டி ஒருபுறம் இழுக்கிறதா என்று காணவேண்டும். நும் மெக்கானிக்கை உடனழைத்துச் சென்று, வண்டியை வாங்கினும் வாங்காவிடினும் அவர்க்குக் கூலி கொடுத்துவிடுக. வாங்கினால்தான் கூலி என்றால், அவர் வாங்கச் சொல்லியே தீர்வார்.

கையில் நான்கு லட்சம் இருந்தால் மூன்றேகால் லட்சத்திற்கு மேற்பட்ட வண்டியைப் பாராதீர்கள். டயர், பாட்டரி, பிரேக், இன்ஷ்யூரன்ஸ் ஆகியவை முதல் இரண்டு மாதத்திலேயே எஞ்சிய தொகையைக் கேட்கும். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை சர்வீஸ் என்றால் நமக்கு ஆண்டில் இருமுறைக்கு மேல் வரும். பழைய வண்டிக்குத் தரும் கடனின் வட்டி, புதிய வண்டிக்கடன் வட்டியினும் பெரும்பாலும் மிகுதி என்பதும் நினைவிருக்கட்டும்.

கடைசியாகப் பத்திரங்கள். 29, 30ஆம் எண் படிவங்களில் இருவரும் கையொப்பமிட்டு, வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்திற்கு விண்ணப்பித்தல் வேண்டும். கடன் இருந்து தீர்ந்திருப்பின் 35ஆம் படிவமும், வெளிமாநில வண்டியாயின் தடையின்மைச் சான்றும் வேண்டும். தில்லிப் பக்கத்தில் பழைய வண்டிகளுக்கு ஏற்பட்ட கட்டுப்பாட்டால் அங்கிருந்து மலிவாக வருவனவற்றிற்கு இங்கே வரி கட்டியபின் மலிவு எஞ்சுகிறதா என்று பார்க்க. இன்ஷ்யூரன்ஸை 14 நாளுக்குள் தம் பெயருக்கு மாற்றக் கேட்கவேண்டும். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு வாராது.

விற்கும் நண்பர்க்கும் ஒரு சொல். பழைய மாணவருள் வண்டியை விற்றுப் பணம் பெற்றவுடன் ஆர்.சி.யை மறந்துவிடுவோர் பலர். நவீன்குமார் எதிர் விஜயகுமார் என்னும் வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் வண்டி பலர் கை மாறிப் போயிருந்தும், பதிவில் பெயர் இருந்த முதல் உடைமையாளரே விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாளி ஆனார். 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் வண்டியை ஒப்புவிப்பவர் 29சி படிவத்தால் அதனைப் பதிவதிகாரிக்குத் தெரிவித்துவிடலாம். அன்றுமுதல் பொறுப்பு அவ்வியாபாரியைச் சாரும். தெருமுனைக் கார் கன்சல்டிங் கடையில் விற்பவர், அக்கடைக்கு அவ்வங்கீகாரச் சான்று உண்டா என்று சாவியைக் கொடுக்குமுன் கேட்டுக்கொள்க.