மனம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்



திருநீற்றுப் புதன் நெருங்குகிறது. "இந்தத் தவக்காலத்துக்குச் சிகரட்டை விடுறன் சுவாமி" என்று வழமைபோல இவ்வாண்டும் உங்களுள் சிலர் என்னிடம் சொல்லப்போகிறீர்கள். உங்கள் நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. ஆயினும் ஒரு வேண்டுகோள்: இறைச்சியையும் இனிப்பையும் ஒறுப்பதுபோல் சிகரட்டை ஒறுக்காதீர்கள். ஒறுத்தலுக்கு ஒரு முடிவுநாள் உண்டு. உயிர்ப்பு ஞாயிறன்று ஆட்டிறைச்சிக் கறி மீண்டும் மேசைக்கு வரும்; அதில் தவறேதும் இல்லை. அதே நாளில் ஆலய மண்டபத்தின் பின்புறம் சிகரட்டும் மீண்டும் பற்றவைக்கப்படுவதுதான் எனக்கு வேதனை தருகிறது.

நிக்கொட்டீன் உடலை விட்டு நீங்கும்போது எழும் எரிச்சல், பதற்றம், உறக்கமின்மை, பசி ஆகியன முதல் இரண்டு மூன்று நாட்களில் உச்சத்தை அடைந்து, பெரும்பாலானோரில் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் தணிந்துவிடுகின்றன. ஞாயிறுகளையும் சேர்த்து எண்ணினால் தவக்காலம் 46 நாட்கள். எனவே உயிர்ப்பு ஞாயிறுவரை தாக்குப்பிடித்தவர், கொடுக்கவேண்டிய விலையின் பெரும்பகுதியைக் கொடுத்து முடித்துவிட்டார். இருபத்தைந்து ஆண்டுகள் மோட்கேஜ் கட்டியபின், கடைசித் தவணைக்கு முந்திய நாள் வீட்டுத் திறப்பை வங்கியிடம் திருப்பிக் கொடுப்பவர் நம்மிடையே உண்டா?

வேறொரு தந்திரமும் எனக்குத் தெரியும். ஞாயிறு நோன்பு நாள் அல்ல, ஆகவே ஞாயிறன்று ஒன்று பிடிக்கலாம் என்று திருவழிபாட்டு நாட்காட்டியைத் துணைக்கழைப்பவர்கள் இருக்கிறார்கள். நாட்காட்டி சொல்வது சரிதான். உடலுக்கு அந்த நாட்காட்டி தெரியாது. புகையை உள்ளிழுத்த பத்து இருபது விநாடிகளுக்குள் நிக்கொட்டீன் மூளையை எட்டிவிடுகிறது. அங்கே அதனை வரவேற்கும் வாயில்கள் பல்லாண்டுப் புகைப்பினால் பெருகிப்போயிருக்கின்றன. ஆறு நாட்கள் பட்டினி கிடந்து அடங்கத் தொடங்கிய அவ்வாயில்களுக்கு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் விருந்து வைத்தால், திங்கட்கிழமை உங்களுக்கு மீண்டும் முதலாம் நாள் ஆகிறது.

இனி, நான் முதன்மையாகச் சொல்லவந்த விடயம். "சுவாமி, விடவேணும் எண்டு தெரியும். ஆனா மனம் இன்னும் வரேல்லை." தவக்காலத்தில் விடுவதாகச் சொல்பவர்களைவிட இப்படிச் சொல்பவர்களே அதிகம். மனம் என்பது கதவைத் தட்டிக்கொண்டு வரும் விருந்தாளி என்றும், அது வந்தபின்தான் முயற்சியைத் தொடங்கலாம் என்றும் நாம் நம்பிவிட்டோம். மருத்துவ உலகமும் இந்நம்பிக்கைக்கு ஓரளவு தீனி போட்டது. 1983 ஆம் ஆண்டு புரொச்சஸ்கா, டிகிளமென்ரி என்னும் இரு உளவியலாளர்கள், புகைப்பவர்களை ஆராய்ந்து, மனமாற்றம் படிப்படியாக நிகழ்கிறது என்று எழுதினார்கள்: எண்ணமே இல்லாத நிலை, எண்ணிப் பார்க்கும் நிலை, செயல். மதிப்புக்குரிய ஆய்வுதான். ஆனால் அதனை மாடிப்படி என்று எடுத்துக்கொண்டு இரண்டாம் படியிலேயே இருபது ஆண்டுகள் உட்கார்ந்திருப்பவர்களை நான் பார்க்கிறேன்.

2006 ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ இதழொன்றில் ரொபேட் வெஸ்ட் என்பவரும் அவருடைய தோழரும் வேறொரு கதையைச் சொன்னார்கள். இங்கிலாந்தில் புகைப்பவர்களிடமும் விட்டவர்களிடமும் அவர்கள் விசாரித்தபோது, ஏறத்தாழ பாதிப் பேர் எந்தத் திட்டமும் இன்றி, முடிவெடுத்த அக்கணமே நிறுத்தியிருந்தார்கள். திட்டமிட்டு நிறுத்தியவர்களைவிட அவர்களே அதிகமாக ஆறு மாதங்களைத் தாண்டியிருந்தார்கள். மக்கள் தம் நினைவிலிருந்து சொன்னவை என்பதால் இதனை அளவுக்கு மீறிப் பிடித்துக்கொள்ள வேண்டாம். திட்டமிடுதல் வீண் என்றும் பொருள்கொள்ள வேண்டாம். எனினும் ஆயத்தம் நிறையும்வரை காத்திருத்தல் ஒரு நிபந்தனை அன்று என்பது இதனால் தெளிவாகிறது. பாதி மனத்தோடும் தொடங்கலாம்.

புனித அகுஸ்தினாரை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. தூய வாழ்வை வேண்டிக்கொண்டே, அது உடனே வந்துவிடக் கூடாதே என்றும் அஞ்சியவர் அவர். தம் வாழ்வை எழுதிய நூலின் எட்டாம் பகுதியில், விருப்பம் எவ்வாறு பழக்கமாகவும், பழக்கம் எவ்வாறு தவிர்க்கமுடியாத தேவையாகவும் இறுகிச் சங்கிலியானது என்று அவர் விவரிக்கிறார். நிக்கொட்டீன் என்ற சொல்லே பிறவாத காலத்தில் எழுதப்பட்ட அப்பக்கங்களை எந்த மருத்துவரும் மறுக்கமாட்டார். அவருக்கும் முழு மனம் முன்கூட்டி வரவில்லை. மிலான் நகரத் தோட்டமொன்றில், மனம் இரண்டாகக் கிழிந்திருந்த வேளையிலேயே அவர் தீர்மானித்தார்.

இது பாவமா என்று கேட்பீர்கள். புகையிலையை அளவுமீறிப் பயன்படுத்துவதைத் தவிர்க்குமாறு கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2290 ஆம் எண்ணில் சொல்கிறது. அதே நூலின் 1735 ஆம் எண், பழக்கமும் கட்டுக்கடங்காப் பற்றும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்கிறது. இரண்டையும் சேர்த்து வாசியுங்கள். திருச்சபை இதில் எக்காலத்திலும் ஒரே குரலில் பேசியது என்றும் நான் சொல்லமாட்டேன். செவில் மறைமாவட்டத்து ஆலயங்களுக்குள் புகையிலை பயன்படுத்தியவர்களுக்குத் திருத்தந்தை எட்டாம் உர்பான் 1642 இல் தடை விதித்தார்; 1863 இல் ஒன்பதாம் பத்திநாதரின் ஆட்சியிலோ உரோமையில் புகையிலைத் தொழிற்சாலையே எழும்பியது. அக்கட்டடத்தின் நெற்றியில் அவருடைய பெயரை இன்றும் காணலாம். வத்திக்கானில் பணியாளர்களுக்குச் சிகரட் விற்பது 2018 இல்தான், திருத்தந்தை பிரான்சிஸ் சொல்லி, நிறுத்தப்பட்டது. ஆகவே கல்லெறியும் உரிமை எங்களுக்கும் இல்லை.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ரொறன்ரோவுக்கு வந்திறங்கிய நம் ஆண்களை நினைத்துப் பார்க்கிறேன். உணவகச் சமையலறையிலும் தொழிற்சாலை இரவு வேலையிலும், புகைப்பவனுக்குத்தான் ஐந்து நிமிடம் வெளியே போகும் நியாயம் கிடைத்தது. ஊரில் புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவர்களின் பிள்ளைகள், இங்கே பனியில் நின்று அடுத்தவரிடம் நெருப்பு வாங்கிப் பற்றவைத்தார்கள். பலருக்கு முதல் நண்பன் அப்படித்தான் கிடைத்தான். அவர்களிடம் சிகரட்டை மட்டும் விடு என்று சொல்வது எளிது. அந்த ஐந்து நிமிடத்துக்கும் அந்த நண்பனுக்கும் ஈடாக எதனைக் கொடுக்கப்போகிறோம் என்பதையும் குடும்பத்தவர் எண்ணவேண்டும்.

மனைவியருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் வாங்காதீர்கள். பீடத்தின்முன் கொண்டுவந்து நிறுத்தி வாக்கு வாங்கித் தருமாறு என்னையும் கேட்காதீர்கள். சத்தியம் செய்தவர் தவறிவிட்டால், மீண்டும் முயல்வதைவிட ஒளித்துப் பிடிப்பதே அவருக்கு எளிதாகிவிடும். காரில் வாசனைத் தெளிப்பான், சட்டைப்பையில் மின்ற், வீட்டில் பொய். ஒன்ராறியோவில் புகைப்பவர்களைப் பின்தொடர்ந்து 2016 இல் வெளியான ஓர் ஆய்வு, முழுமையாக விடுவதற்குமுன் ஒருவர் முப்பது முறையோ அதற்கு மேலோ முயன்றிருக்கக்கூடும் என்று கணித்தது. ஐந்தாம் முறை தவறியவரிடம் "உங்களால ஏலாது" என்று சொல்வதற்குமுன் இந்த எண்ணை நினைவில் கொள்ளுங்கள். கேட்பதானால் வேறொன்றைக் கேளுங்கள்: காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரட்? ஐந்து நிமிடத்துக்குள் என்றால் பிடிப்பு மிகக் கடுமையானது. வெறும் மனவுறுதியை நம்பி அவரைத் தனியே விடக்கூடாது.

தடிமன் என்றால் உடனே பனடோல் போடும் நாம், நிக்கொட்டீன் பட்ச் ஒட்டுவதை மட்டும் பலவீனம் என்று எண்ணுகிறோம். இது எனக்கு ஒருபோதும் விளங்கியதில்லை. துணையேதும் இன்றி நிறுத்துபவர்களுள் ஆறு மாதம், ஓராண்டு தாண்டுபவர்கள் நூற்றுக்கு மூவர் முதல் ஐவர் வரையே. பட்ச், மெல்லும் கம் போன்றவை அவ்வாய்ப்பை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்குகின்றன; வரெனிக்லின் மாத்திரை இரு மடங்குக்கும் மேலாக்குகிறது. புற்றுநோய் தருவது பெரும்பாலும் எரியும் புகையே. பட்ச்சில் புகை இல்லை. ஒன்ராறியோவில் மருந்தாளரே இம்மாத்திரையை எழுதித் தரலாம். ஸ்டொப் என்னும் திட்டத்தின் ஊடாகக் குடும்ப மருத்துவ அணிகளிலும் சமூக நல நிலையங்களிலும் நிக்கொட்டீன் மாற்று மருந்துகள் இலவசமாகவே வழங்கப்படுகின்றன. இருதய நோயாளரும் கர்ப்பிணிகளும் முதலில் வைத்தியரிடம் பேசுங்கள். வேப் பிடிக்கும் இளையோரைப் பற்றி வேறொரு நாள் எழுதுவேன். அவர்களுடைய கதை வேறு.

"இந்த வயசில விட்டு என்ன சுவாமி?" என்பதற்கும் விடை உண்டு. பிரித்தானிய மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் பின்தொடர்ந்து ரிச்சட் டோலும் தோழர்களும் 2004 இல் வெளியிட்ட முடிவின்படி, அறுபது வயதில் விட்டவர்கள் ஏறத்தாழ மூன்று ஆண்டு ஆயுளை மீட்டார்கள்; ஐம்பதில் விட்டவர்கள் ஆறு; நாற்பதில் விட்டவர்கள் ஒன்பது. மூன்று ஆண்டுகள் என்பது பேரப்பிள்ளையின் முதல் நற்கருணையைப் பார்ப்பதற்குப் போதுமான காலம். பார்க்காமல் போனவர்களுடைய அடக்கத் திருப்பலியை நான் நிறைவேற்றியிருக்கிறேன்.

தவக்காலத்தின் முதலாம் ஞாயிறு, இரண்டாம் திருப்பலிக்குப் பின், நம் பங்கைச் சேர்ந்த மருந்தாளர் ஒருவர் மண்டபத்தின் சிறிய அறையில் ஒரு மணி நேரம் இருப்பார். தமிழில் பேசலாம். பெயர் எழுதவேண்டியதில்லை, விடுவதாக வாக்குக் கொடுக்கவும் வேண்டியதில்லை. மனம் வராதவர்களும் வாருங்கள். அந்த அறைக்கு வாகனத் தரிப்பிடப் பக்கமாகத் தனி வாசல் ஒன்று உண்டு. நீங்கள் வழக்கமாக நின்று புகைக்கும் இடத்திலிருந்து பத்தடி தூரம்தான்.