சென்சார் யார் கையில்?

மரக்காணம் உப்பளத் தொழிலாளி ஒருவர் வெறும் வயிற்றோடு பஸ் ஏறி, திண்டிவனம் வந்து சர்க்கரைப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கிறார். பக்கத்து ஓட்டலில் நான்கு இட்லி; இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் இரத்தம். வீட்டில் அவர் சாப்பிடுவதோ சோறு. அந்த இரண்டு எண்களை வைத்துத்தான் அவருக்கு மாத்திரை எழுதுகிறோம். மதிய வெயிலில் உப்பு வாரும்போது சர்க்கரை எவ்வளவு இருந்தது, இரவு இரண்டு மணிக்கு எவ்வளவு என்பது சீட்டில் இல்லை.

மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி இருக்கிறதே என்பார்கள். ஆனால் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. இரும்புச்சத்துக் குறைந்தால் எச்பிஏ1சி பொய்யாக ஏறும். அதை நம்பி மாத்திரையைக் கூட்டினால் தாழ்சர்க்கரையில் போய் முடியலாம். விரல் நுனி எண்ணும் எச்பிஏ1சியும் ஒத்துப்போகாதவருக்கு சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் 14 நாள் சென்சாரை ஒட்டிப் பார்ப்பது வீண்செலவு அல்ல.

ஆனால் சென்சாரும் வேதவாக்கு இல்லை. அது அளப்பது இரத்தத்தை அல்ல, திசுக்களுக்கு இடையிலுள்ள நீரை. சர்க்கரை வேகமாக ஏறி இறங்கும்போது 5 முதல் 15 நிமிடம் பின்தங்கும். சென்சார் உள்ள கையை அழுத்திப் படுத்தால் இல்லாத தாழ்வைக் காட்டும். வியர்த்து மயங்குபவருக்கு விரலில் குத்திப் பார்ப்பதே சரி.

ஐசிஎம்ஆர்–இண்டியாப் ஆய்வின்படி (2023) தமிழ்நாட்டில் நீரிழிவு 14.4 சதவீதம். அத்தனை பேருக்கும் சில ஆயிரம் ரூபாய் சென்சார் நடக்கிற காரியமா? தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டு வாசலில் செய்யும் குளுக்கோமீட்டர் சோதனைதான் பெரும்பாலானோருக்கு. சென்சாரை இன்சுலின் போடுபவர்கள், சல்ஃபோனைல்யூரியா சாப்பிடும் முதியவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், முன்பே நீரிழிவுள்ள கர்ப்பிணிகள் ஆகியோருக்கு ஒதுக்கலாம். நீரிழிவே இல்லாதவர்கள் ஆசைக்கு ஒட்டிக்கொள்வது அவரவர் பணம். அதை நாம் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

பொதுவாகச் சர்க்கரை 70–180 மி.கி./டெ.லி. வரம்புக்குள் 70 சதவீத நேரம் இருக்க வேண்டும் என்கிறது 2019 சர்வதேச இணக்கம். முதியவருக்கு 50 சதவீதம் போதும். ஆனால் அவருக்கு 70க்குக் கீழே இருக்கும் நேரம் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சென்சார் அறிக்கை கைக்கு வந்ததும் சராசரியை விட்டுவிட்டு, நள்ளிரவு முதல் காலை ஆறு வரையுள்ள கோட்டை முதலில் பாருங்கள். மாலை மாத்திரையைக் குறைக்க வேண்டியவர் அங்கேயே தெரிந்துவிடுவார்.