டிக்கெட் இல்லாத பஸ்ஸில் சலுகையைத் தேடும் பிள்ளைகள்

மேல் மாகாணத்தில் தனியார் பஸ்களில் பயணிப்போர் டிக்கெட் வைத்திருப்பது 2025 ஒக்டோபர் முதலாம் திகதியிலிருந்து கட்டாயமாக்கப்பட்டது. டிக்கெட் இல்லாமல் பரிசோதகரிடம் அகப்பட்டால் 100 ரூபா அபராதத்துடன் பஸ் கட்டணத்தைப் போல் இரு மடங்கும் செலுத்த வேண்டும் என அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதம் 24ஆம் திகதி, மாகும்புர போக்குவரத்து மத்திய நிலையத்தில், வங்கி அட்டை மூலம் பஸ் கட்டணம் செலுத்தும் திட்டமும் ஆரம்பித்து வைக்கப்பட்டது.

இரண்டுமே வரவேற்கத்தக்கவை. பல வருடங்களாக எமது நாட்டில் பஸ் பயணம் என்பது காசைக் கொடுத்துவிட்டு, மீதி வருமா வராதா என்று கொண்டக்டரின் கையையே பார்த்துக்கொண்டிருக்கும் பயணமாக இருந்து வந்திருக்கிறது. அதை ஒழுங்குபடுத்த எந்த அரசாங்கம் முயன்றாலும் நாம் ஆதரிக்க வேண்டும். ஆயினும் இந்த இரு நடவடிக்கைகளும் பஸ்ஸில் ஏறும் மிகப் பலவீனமான பயணியைத் தொடவில்லை. வெள்ளைச் சீருடையுடன் காலை ஆறரை மணிக்குத் தரிப்பிடத்தில் நிற்கும் பாடசாலைப் பிள்ளையைப் பற்றியே சொல்கிறேன்.

சீசன் இருக்கிறது, பஸ் இல்லை

பாடசாலை மாணவர்களுக்குச் சலுகை விலையில் சீசன் டிக்கெட் வழங்கும் முறை இலங்கையில் நீண்ட காலமாக உள்ளது. அந்தச் சீட்டு இலங்கை போக்குவரத்துச் சபையின் பஸ்களுக்குரியது. அதனால் சபைக்கு ஏற்படும் வருமான இழப்பை அரசாங்கம் திறைசேரியிலிருந்து ஈடு செய்கிறது. 2005இல் ஆரம்பிக்கப்பட்ட 'சிசு செரிய' பஸ் சேவையும் மாணவர்களுக்காகவே நடத்தப்படுகிறது. அதற்கும் அரச பணம் செலவாகிறது.

காகிதத்தில் இது நல்ல ஏற்பாடு. வீதியில் நடப்பது வேறு. கொழும்பிலும் சுற்றுப்புற நகரங்களிலும் அலுவலக நேரத்தில் ஓடும் பஸ்களில் பெரும்பாலானவை தனியாருடையவை. 100ஆம் இலக்கப் பாதையான காலி வீதியிலோ, 138ஆம் இலக்கப் பாதையான ஹைலெவல் வீதியிலோ காலையில் ஒரு மணித்தியாலம் நின்று பார்த்தால் இது விளங்கும். சீசன் வைத்திருக்கும் பிள்ளை தனியார் பஸ்களை ஒன்றன் பின் ஒன்றாக விட்டுவிட்டு சிவப்பு பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். அது வரும்போது நிரம்பி வழிந்துகொண்டு வரும். சில வேளை தரிப்பிடத்தைத் தாண்டிச் சென்று நிற்கும், சில வேளை நிற்காமலே போய்விடும்.

காலை முதலாம் பாடவேளையில் இடாப்புக் கூப்பிடும் எந்த ஆசிரியருக்கும் இதன் விளைவு தெரியும். பிந்தி வரும் பிள்ளைகளின் பெயர்கள் மாதம் முழுவதும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். எனது வகுப்பில் ஒரு பிள்ளை வாரத்தில் மூன்று நாள் பிந்தி வருவாள். விசாரித்தபோது, "சேர், சீசன் பஸ் வரல்ல. மத்த பஸ்ல வாறதுக்கு உம்மா காசு தரல்ல" என்றாள். அவளுடைய தாயார் அலட்சியமானவர் அல்லர். சீசனுக்கு ஒருமுறை பணம் கட்டிய பின், அதே பயணத்துக்கு நாளாந்தம் மீண்டும் பணம் கொடுக்க அந்தக் குடும்பத்தால் இயலவில்லை.

எமது சமூகத்தில் இந்தப் பிரச்சினைக்கு இன்னொரு முகமும் உண்டு. தமிழ் மொழி மூல முஸ்லிம் பாடசாலைகள் எல்லா ஊர்களிலும் இல்லை. குறிப்பாக உயர்தர வகுப்புக்காகத் தெஹிவளையிலிருந்தும், தெமட்டகொடையிலிருந்தும், கொலன்னாவையிலிருந்தும் தொலைவிலுள்ள பாடசாலைகளுக்கு இரண்டு பஸ் மாறிச் செல்லும் பிள்ளைகள் ஏராளம். அருகிலுள்ள பாடசாலைக்கு நடந்து செல்லும் பிள்ளைக்குப் பஸ் கட்டணம் வெறும் செய்தி. இவர்களுக்கு அது படிப்பைத் தொடர்வதா விடுவதா என்பதைத் தீர்மானிக்கும் செலவு.

கொண்டக்டர் ஏன் முகம் சுளிக்கிறார்?

பலர் பழியைக் கொண்டக்டர் மீது போட்டுவிட்டு இந்தப் பேச்சை முடித்துக்கொள்கின்றனர். அவரது நடத்தையை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் அவர் எந்த ஏற்பாட்டின் கீழ் வேலை செய்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

1958 ஜனவரி முதலாம் திகதி பஸ் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கை போக்குவரத்துச் சபை உருவானது. 1970களின் இறுதியில் திறந்த பொருளாதாரத்துடன் தனியார் பஸ்களுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது. ஆனால் பெரிய கம்பனிகள் வரவில்லை. ஒன்று அல்லது இரண்டு பஸ் வைத்திருக்கும் தனிநபர்களே பெரும்பாலும் வந்தனர். கடன் பட்டு பஸ் வாங்கிய உரிமையாளர் அதைச் சாரதியிடமும் கொண்டக்டரிடமும் ஒப்படைக்கிறார். மாலையில் இவ்வளவு தொகை என் கைக்கு வர வேண்டும் என்கிறார். அந்தத் தொகையும் டீசல் செலவும் போக எஞ்சுவதே பல பஸ்களில் அவ்விருவரின் அன்றைய சம்பளம்.

இந்த ஏற்பாட்டில் ஒவ்வொரு பயணியும் ஒரு தொகை. முழுக் கட்டணம் தரும் பெரியவர் இலாபம். அரைக் கட்டணம் தரும் சிறுபிள்ளை பாதி நட்டம். சீசன் காட்டும் மாணவன் முழு நட்டம். அரசாங்கம் சபைக்குக் கொடுக்கும் ஈட்டுத்தொகையில் ஒரு சதமேனும் அந்தத் தனியார் பஸ்ஸின் கொண்டக்டருக்குப் போவதில்லை. அப்படியிருக்க, அவர் பிள்ளைகளைச் சிரித்த முகத்துடன் ஏற்ற வேண்டும் என்று எதிர்பார்ப்பது, அரசு கொடுக்க வேண்டிய தர்மத்தை ஒரு நாட்கூலித் தொழிலாளியின் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கச் சொல்வதாகும்.

டிக்கெட் கிடைக்காததற்கும் இதுவே காரணம். டிக்கெட் என்பது கணக்கு. டிக்கெட் கிழித்தால் அன்றைய உண்மையான வசூல் உரிமையாளருக்குத் தெரிந்துவிடும். உரிமையாளரின் வருமானம் அரசுக்கும் தெரிந்துவிடும். ஆகவே டிக்கெட் கொடுக்காமல் இருப்பதில் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஏதோ ஒரு நலன் உண்டு, பயணி ஒருவரைத் தவிர. இந்த நிலையில் அபராதத்தைப் பயணியின் தலையில் சுமத்துவது எப்படி நியாயமாகும்? நெரிசலில் பின்கதவில் தொங்கும் ஒருவர் கேட்டும் கிடைக்காத டிக்கெட்டுக்கு அவரே தண்டப்பணம் கட்ட வேண்டியிருக்கிறது.

மூன்று ரூபாவின் கணக்கு

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ஆகக்குறைந்த பஸ் கட்டணம் ஜூலை மாதமளவில் 40 ரூபா வரை சென்றது. பின்னர் எரிபொருள் விலை இறங்க, கட்டணமும் படிப்படியாக இறங்கி, 2025 ஜூலைத் திருத்தத்தின் பின்னர் 27 ரூபாவில் நின்றது. குறைப்பு நடந்தது உண்மை. அது பயணியின் கைக்கு வந்ததா என்பதுதான் கேள்வி.

அந்த 27 ரூபாவைச் சரியாக எண்ணிக் கொடுக்க யாரிடமும் சில்லறை இருக்கவில்லை. 30 ரூபா கொடுத்தால் மூன்று ரூபா திரும்பி வருவது அபூர்வமாக இருந்தது. நாளொன்றுக்கு நான்கு பஸ் ஏறும் ஒருவர், ஆகக்குறைந்த கட்டணத்துடனேயே போய் வந்தாலும், இவ்வாறு 12 ரூபா இழந்தார். மாதத்தில் 20 நாட்களுக்கு அது 240 ரூபா. கிட்டத்தட்ட ஒன்பது பயணங்களின் பணம் மீதிக்காசாகவே போய்விட்டது. கட்டணம் 28 ரூபாவிலிருந்து 27 ஆனபோது ஒரு ரூபாவை மிச்சப்படுத்தியதாகப் பத்திரிகைகள் எழுதின. பயணியோ இரண்டு சந்தர்ப்பங்களிலும் 30 ரூபாவையே கொடுத்தார்.

தொகை சிறியது என்பதற்காக உரிமை சிறியதாகிவிடாது. பிறருடைய ஹக்கில் கை வைக்கக் கூடாது என்று வீட்டிலும் மதரஸாவிலும் நாம் கற்றுக்கொடுக்கும் பிள்ளை, தன் ஹக் நாள்தோறும் பறிபோவதைப் பஸ்ஸில் பழகிக்கொள்கிறது. மீதி கேட்டால், "சில்லறை இல்ல தம்பி" என்பது பதில். மீண்டும் கேட்டால் ஏளனம். கேட்காமல் இருப்பதே மரியாதை என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத இந்தப் பாடத்தை வகுப்பறையில் திருத்துவது எளிதல்ல.

அட்டை யாருக்கு?

மீதிக்காசுப் பிரச்சினைக்கு வங்கி அட்டை நல்ல தீர்வு. 27 ரூபா என்றால் 27 ரூபாவே கழியும், டிக்கெட்டும் வரும், வசூலும் பதிவாகும். ஆனால் அட்டை யாரிடம் இருக்கிறது? அரச ஊழியரிடமும் தனியார் துறை உத்தியோகத்தரிடமும் இருக்கிறது. தரம் எட்டில் படிக்கும் பிள்ளையிடம் இல்லை. நாட்கூலிக்கு மூட்டை தூக்குபவரிடமும், வீட்டு வேலைக்குச் செல்லும் தாயிடமும் பெரும்பாலும் இல்லை. மீதி கிடைக்காமல் அதிகம் வருந்துபவர்களே இந்த வசதிக்கு வெளியே நிற்கின்றனர்.

மேலும், வங்கி அட்டை ஒருவரை வங்கி வாடிக்கையாளராக மட்டுமே அறியும். அவர் மாணவரா, மாற்றுத்திறனாளியா, முதியவரா என்பதை அது அறியாது. சலுகையை அட்டைக்குள் வைக்க வேண்டுமானால் அதற்கென்றே ஓர் அட்டை தேவை. லண்டனில் 11 முதல் 15 வயது வரையான பிள்ளைகளுக்கென்று ஒரு புகைப்பட அட்டை உண்டு. அதை இயந்திரத்தில் தொட்டால் பஸ் பயணம் இலவசம். அங்கும் பஸ்களை ஓட்டுவது தனியார் கம்பனிகள்தாம். ஆனால் கட்டணம் நகரப் போக்குவரத்து நிறுவனத்துக்குச் சேர்கிறது. கம்பனிகளுக்கு ஓடிய சேவைக்காக ஒப்பந்தப்படி பணம் கிடைக்கிறது. ஆகவே ஒரு பிள்ளை ஏறுவதால் சாரதிக்கு நட்டம் இல்லை. சிங்கப்பூரும் 2016இலிருந்து இத்தகைய ஒப்பந்த முறைக்கு மாறியது.

நாம் ஒரே நாளில் லண்டனாக மாற முடியாது. அந்த முறையின் அடிப்படையை மட்டுமாவது எடுத்துக்கொள்ளலாம். சலுகையின் செலவை அதை அறிவித்த அரசே ஏற்க வேண்டும், பிள்ளை எந்த நிற பஸ்ஸில் ஏறினாலும் சரி.

செய்யக்கூடியவை

முதலாவது, மாணவர் சீசனை பஸ்ஸிலிருந்து பிரித்து மாணவருக்கே உரியதாக்க வேண்டும். பாடசாலை ஊடாக வழங்கப்படும் ஓர் அட்டையை அரச பஸ்ஸிலும் தனியார் பஸ்ஸிலும் காட்டலாம். தனியார் பஸ் இயந்திரத்தில் பதிவாகும் ஒவ்வொரு மாணவர் பயணத்துக்கும் அரசாங்கம் உரிமையாளருக்கு ஈடு செய்யலாம். அப்போது டிக்கெட் இயந்திரத்தை இயக்குவதே பஸ்காரருக்கு இலாபமாகிவிடும். இன்று கணக்கை மறைக்கத் தூண்டும் ஏற்பாடு அன்று கணக்கைக் காட்டத் தூண்டும். போலிக் கணக்கு வரும் என்ற அச்சம் நியாயமானது. பாடசாலை நாட்களையும் நேரத்தையும் வைத்து ஒப்பிட்டால் அதைப் பெருமளவு கட்டுப்படுத்தலாம்.

இரண்டாவது, டிக்கெட் வழங்குவதை வழித்தட அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனையாக நடைமுறைப்படுத்த வேண்டும். டிக்கெட் இல்லாத பயணிக்கு 100 ரூபா அபராதம் என்றால், டிக்கெட் கொடுக்காத பஸ்ஸுக்கு அதைவிடப் பன்மடங்கு வலிக்க வேண்டும். திரும்பத் திரும்பத் தவறினால் அனுமதிப்பத்திரமே கேள்விக்குள்ளாக வேண்டும்.

மூன்றாவது, கட்டணத்தை ஐந்து ரூபாவின் மடங்குகளில் நிர்ணயிக்க வேண்டும். நாணயம் கிடைக்காத தொகையைக் கட்டணமாக அறிவிப்பது, அந்த வித்தியாசத்தைக் கொண்டக்டருக்கு எழுதிக் கொடுப்பதற்குச் சமம்.

நான்காவது, கட்டணப் பட்டியல் சிங்களத்திலும் தமிழிலும் பஸ்ஸுக்குள் கண்ணில் படும் இடத்தில் ஒட்டப்பட வேண்டும். தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. தான் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதைத் தன் மொழியில் வாசிக்க முடியாதவர், கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டு இறங்குவதைத் தவிர வேறென்ன செய்வார்?

நமது பங்கு

இவையெல்லாம் அமைச்சும் ஆணைக்குழுவும் செய்ய வேண்டியவை. அதுவரை நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955, இலங்கை போக்குவரத்துச் சபையின் 1958 ஆகிய இரு தொலைபேசி இலக்கங்களும் முறைப்பாடுகளுக்காகவே உள்ளன. ஆனால் தனியொருவரின் முறைப்பாடு எளிதில் மறக்கப்படும். ஒரு பாடசாலையின் அபிவிருத்திச் சங்கம், பிள்ளைகளை ஏற்றாமல் சென்ற பஸ்களின் இலக்கம், நேரம், தரிப்பிடம் ஆகியவற்றை ஒரு மாதம் குறித்துவைத்து எழுத்தில் கொடுத்தால் அதை ஒதுக்கிவிடுவது கடினம். பள்ளிவாசல் நிர்வாக சபைகள் தங்கள் மஹல்லாவிலிருந்து எத்தனை பிள்ளைகள் எந்தப் பாதையில் பயணிக்கிறார்கள் என்ற விவரத்தைத் திரட்டிக் கொடுத்தால், சிசு செரிய பஸ் ஒன்றைக் கோருவதற்கு அதைவிட வலுவான ஆவணம் இல்லை.

இந்தக் கோரிக்கை ஒரு சமூகத்துக்கு மட்டுமுரியதல்ல. அதே தரிப்பிடத்தில் அதே பஸ்ஸுக்காக சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் நிற்கின்றனர். அயல் பாடசாலைகளையும் விகாரையையும் கோவிலையும் சேர்த்துக்கொண்டு கொடுக்கும் மகஜருக்கு நிறை அதிகம்.

பெரியவர்களாகிய நாமும் ஒன்றைப் பழக வேண்டும். பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் கேட்போம். மீதியைக் கேட்போம். குரலை உயர்த்தாமல், அவமதிக்காமல், ஆனால் ஒவ்வொரு முறையும் கேட்போம். நாம் கேட்டுப் பழகிய பஸ்ஸில் நமது பிள்ளை கேட்பது எளிது.

ஒரு நாட்டின் போக்குவரத்துக் கொள்கையை மதிப்பிடப் பெரிய ஆவணங்கள் தேவையில்லை. புத்தகப் பையுடன் நிற்கும் பிள்ளைக்காக பஸ் நிற்கிறதா என்று பார்த்தால் போதும்.