தம்பியின் முதல் கேக்

எங்கள் வீட்டில் வாழைப்பழம் கறுத்துவிட்டால் கேக் செய்வோம். கறுத்த பழத்தில் மாப்பொருள் சீனியாக மாறியிருப்பதால் அதுதான் இதற்கு ஏற்றது. ஈஸ்ட் தேவையில்லை, மா பொங்கும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. அப்பச்சோடா தயிரின் அமிலத்தோடு சேர்ந்து காபனீரொட்சைட்டை வெளிவிட, கேக் உப்பி வரும்.

நான் முதன்முதலாகச் செய்த கேக் இறப்பர் போல் வந்தது. மாவைச் சேர்த்தபின் அதிகம் அடித்ததில் குளூட்டன் இறுகிவிட்டது. "பரவாயில்ல மகள், செய்யச் செய்யப் பழகும்" என்று உம்மா தேற்றினார். சென்ற விடுமுறையில் தம்பியும் அதே தவறைச் செய்தான். "ஆம்பிளப் புள்ளைக்கு எதுக்கு இந்த வேல?" என்று எல்லோரும் சிரித்தார்கள். அதன்பின் அவன் குசினிப் பக்கமே வரவில்லை.

தவறு ஒன்றுதான், தீர்ப்புத்தான் இரண்டு. இது நியாயமா?

நபி (ஸல்) அவர்கள் வீட்டு வேலைகளில் குடும்பத்தாருக்கு உதவியாக இருந்தார்கள் என ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்த ஹதீஸ் புஹாரியில் உள்ளது. பயான்களில் அதைக் கேட்டுத் தலையாட்டுகிறோம். நம் குசினியில் மறந்துவிடுகிறோம்.

பெற்றோரே, நாளை பல்கலைக்கழக விடுதியிலோ வெளிநாட்டிலோ தனியே வாழப்போகும் மகனுக்கும் பசிக்கும். அவனுடைய முதல் கேக்கையும் சிரிக்காமல் சாப்பிட்டுப் பாருங்கள்.

தம்பியை நான் மறுபடியும் கூப்பிட்டிருக்கிறேன். இம்முறை மாவைச் சேர்த்ததும் மெதுவாகக் கிளறி, மா மறைந்தவுடன் நிறுத்தச் சொல்வேன்.