அசலே கோணல் என்றால், நேரான நகலுக்கா முதற்பரிசு?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமுள்ளவர்கள் வாசியுங்கள். போட்டிகளில் நடுவராக உட்காருபவர்கள் நேரமில்லாவிட்டாலும் வாசியுங்கள்.

அண்மையில் ஒரு மாணவர் கண்காட்சி. அதிலே திரைப்படப் பொருட்களின் மாதிரிகளுக்கென்று ஒரு பிரிவு. புள்ளித்தாளின் முதல் வரி: 'அசலோடு ஒத்திருத்தல் – 40 புள்ளி'. 'ஸ்டார் வோர்ஸ்' படத்தில் வரும் டார்த் வேடரின் கறுப்பு ஹெல்மட்டை இரண்டு பேர் கொண்டுவந்திருந்தார்கள். இரண்டு பேரின் அட்டையிலும் '1977 இல் வந்த முதல் படத்தில் உள்ளது' என்றே எழுதியிருந்தது.

ஒன்று, இணையத்திலிருந்து கோப்பை இறக்கி முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் எடுத்தது. இடதும் வலதும் கண்ணாடியில் பார்த்தது போல சமம். பளபளவென்று ஒரே கறுப்பு. மற்றது காகிதக்கூழில் கையால் செய்தது. ஒரு கன்னம் மற்றக் கன்னத்தைப் போல இல்லை. முகத்திலே சில இடம் கறுப்பு, சில இடம் கருஞ்சாம்பல்.

முதலாவதுக்கு 40 இல் 38. இரண்டாவதுக்கு 15. தாளில் எழுதப்பட்ட காரணம்: 'முகம் கோணல். நிறம் திட்டுத்திட்டு.'

அந்தப் பையன் மெதுவாகச் சொன்னான்: "சேர், ஒரிஜினலே அப்படித்தான் சேர்." மேசையில் சிரிப்பு எழுந்தது. பிழை விட்ட பிள்ளை சாட்டுச் சொல்கிறது என்ற சிரிப்பு.

அந்த மேசையில் இருந்த மூவரில் நாமும் ஒருவர். நாம் சிரிக்கவில்லை. ஆனால் வாயும் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து தேடி வாசித்த பிறகுதான் தெரிந்தது, பையன் சொன்னது சரி.

அந்த ஹெல்மட்டின் எண்ணம் ரால்ஃப் மெக்குவாரி என்ற ஓவியருடையது. ஆடை வடிவமைப்பு ஜோன் மொல்லோ. களிமண்ணில் அதைச் செதுக்கியவர் பிரையன் மியூர் என்ற ஆங்கிலேயச் சிற்பி. கணினியில் பாதி முகத்தை வரைந்து மறுபாதிக்குப் பிரதி போடுகிற காலமல்ல அது. கை செதுக்கிய முகம், கை செதுக்கியது போலவே இருக்கும். இரண்டு பக்கமும் சமமில்லை. அந்தக் களிமண்ணிலிருந்து அச்செடுத்துக் கண்ணாடியிழையில் வார்த்தார்கள். நிறமும் தனிக் கறுப்பல்ல. கறுப்பும் துப்பாக்கி உலோகத்தின் சாம்பலும் பகுதி பகுதியாக மாறி மாறிப் பூசப்பட்டது. திரையிலே இருட்டும் விளக்கும் சேர்ந்து அதை ஒரே கறுப்பாகக் காட்டிவிட்டன.

அப்படியானால் அந்தச் சமமான முகம் எங்கிருந்து வந்தது? 2005 இல் வந்த படத்துக்காகக் கணினியின் உதவியோடு இரு பக்கமும் ஒன்றாக்கப்பட்ட புதிய ஹெல்மட் ஒன்று செய்யப்பட்டது. இன்றைய பிள்ளைகளும், மன்னிக்க வேண்டும், இன்றைய நடுவர்களும் மனதில் வைத்திருப்பது அதைத்தான். ஆக, 1977 என்று எழுதிய அட்டையை 2005 இன் முகத்தை வைத்துத் திருத்தியிருக்கிறோம். கணிதப் பாட விடைத்தாளை விஞ்ஞானப் பாடப் புள்ளித்திட்டத்தை வைத்துத் திருத்தினால் பெற்றோர் சும்மா விடுவார்களா?

நமது குற்றச்சாட்டு இதுதான். 'துல்லியம்' என்ற சொல்லை நாம் 'அழகு' என்ற பொருளில் பாவிக்கிறோம். வழுவழுப்பாக இருந்தால் துல்லியம். நேராக இருந்தால் துல்லியம். விலை கூடினால் இன்னும் துல்லியம். அப்படியல்ல. துல்லியம் என்பது இரண்டு பொருளுக்கிடையிலான ஒரு உறவு. ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டு அதைச் சொல்லவே முடியாது. அசல் கோணலென்றால், அதே கோணல்தான் துல்லியம். நேராக்கியது பிழை.

ஆகவே, ஒரு மாதிரிக்குப் புள்ளி போட முன்னர் மூன்று கேள்விகளைக் கேட்காதவருக்குப் பேனையைத் தொடும் உரிமை இல்லை என்கிறோம்.

முதலாவது: எந்த அசல்?

அதே படத்தின் வெள்ளைக் கவச வீரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டோர்ம்ட்ரூப்பர். எல்லாரும் ஒரே அச்சு என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். முதல் படத்துக்கே இரண்டு வகை ஹெல்மட் இருந்தன. சண்டைக் காட்சிக்கும் கூட்டத்துக்கும் ஒரு வகை, கமராவுக்குக் கிட்ட வருபவர்களுக்கு ஒரு வகை. முதல் வகையின் வாய்ப்பகுதியில் வெட்டப்பட்ட பற்கள் ஆறு. மற்றதில் எட்டு. ஒன்றின் கண்வில்லை தட்டை. மற்றதன் வில்லை வெளியே புடைத்தது. பிளாஸ்டிக்கும் வேறு வேறு. ஒன்று வெள்ளைப் பெயின்ட் அடித்த பொலித்தீன் இனம், மற்றது ஏபிஎஸ். காதுப் பகுதிகளைக் கையால் வெட்டி, தலையோடு பொருத்தி, திருகாணி போட்டிருக்கிறார்கள். கோடுகளைக் கையால் வரைந்திருக்கிறார்கள். ஆகவே ஒரே வகைக்குள்ளேயும் ஒன்றைப் போல மற்றொன்று இல்லை.

இப்போது ஆறு பல் வைத்த பிள்ளைக்கு 'இரண்டு பல் குறைவு' என்று புள்ளி வெட்டுவது நீதியா? எட்டு வைத்தவனுக்கு 'இரண்டு பல் கூட' என்று வெட்டுவது நீதியா? எதை அசலாக எடுத்தாய் என்று பிள்ளையிடம் கேட்டீர்களா? அதற்கு முதல், எதை அசலாக எடுத்தோம் என்று உங்களிடம் நீங்களே கேட்டீர்களா?

இரண்டாவது: எந்த வழியாக வந்தது?

இதை நம் சமூகத்துக்கு விளக்கத் தேவையில்லை. ஒரு ஹதீஸ் கிடைத்தால் அதன் வாசகத்தை மட்டும் பார்த்து நமது இமாம்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. யார் யாரிடம் கேட்டார், இடையில் யார் விடுபட்டார் என்று அறிவிப்பாளர் வரிசையைத் தேடினார்கள். நபிமொழியையும் பிளாஸ்டிக் பொருளையும் ஒரே தட்டில் வைக்கிறோம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், அஸ்தஃபிருல்லாஹ். முறையைத்தான் சொல்கிறோம். கை மாறி வருகிற எதற்கும் வரிசை கேட்பது நமக்குப் பழக்கப்பட்ட அறிவு.

ஹெல்மட்டுக்கும் வரிசை உண்டு. படத்தில் பாவித்த ஹெல்மட்டிலிருந்து ஒருவர் அச்செடுக்கிறார். அந்தப் பிரதியிலிருந்து இன்னொருவர். அதிலிருந்து மூன்றாமவர். ஒவ்வொரு தடவையும் வார்ப்புப் பொருள் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். கூர்மையான விளிம்பு கொஞ்சம் மழுங்கும். ஒரு பேச்சுக்கு, தடவைக்கு நூற்றுக்கு ஒன்று சுருங்குகிறது என்று வையுங்கள். 30 சென்ரிமீற்றர் உயரமான பொருள் மூன்றாவது பிரதியில் கிட்டத்தட்ட 9 மில்லிமீற்றர் குறைந்துவிடும். ஒரு விரலின் அகலத்தை விடக் குறைவு. படத்தில் பார்த்தால் தெரியாது, அடிமட்டம் வைத்தால் தெரியும்.

வெற்றிடத்தால் உறிஞ்சி வார்க்கும் முறையில் இன்னொரு சிக்கல். சூடாக்கி இளகிய பிளாஸ்டிக் தகடு அச்சின்மேல் போர்வை போல விழுந்து படிகிறது. அச்சைத் தொடுவது உட்பக்கம், நாம் காண்பது வெளிப்பக்கம். இடையிலே தகட்டின் தடிப்பு. அந்த வெளிப்பக்கத்திலிருந்து மீண்டும் அச்செடுத்தால், போர்வைக்கு மேல் போர்வை. மூக்கு மழுங்கி, பள்ளம் தூர்ந்து, முகம் ஊதிப்போகும்.

அப்படி ஊதிப்போன ஒன்றைப் பெட்டியில் போட்டு 'திரையில் கண்டபடியே' என்று எழுதி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அதை வாங்கி அலுமாரியில் வைத்தவர்தான் பிறகு மற்றவன் செய்ததற்குக் குறை சொல்ல வருகிறார். தன் கையிலிருப்பது அசலின் பேரப்பிள்ளை என்பது அவருக்குத் தெரியாது. இது தீர்ப்பல்ல. வதந்தியை வைத்து வதந்தியைத் திருத்துவது.

படத்தை வைத்து ஒப்பிடுகிறோமே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அரை மீற்றர் தூரத்திலிருந்து கைப்பேசியால் எடுத்த படத்தில் முன்னாலிருப்பது பெருக்கும், பக்கங்கள் பின்னால் ஒளிந்துகொள்ளும். உங்கள் முகத்தையே அப்படி எடுத்துப் பாருங்கள், காது எங்கே என்று தேடுவீர்கள். தூரத்திலிருந்து எடுத்த திரைப்படக் காட்சியின் பக்கத்தில் அதை வைத்து 'மூக்கு பெரிசு' என்று தீர்ப்புச் சொல்வது ஹெல்மட்டின் குறையல்ல. தூரத்தைச் சமப்படுத்தாதவரின் குறை.

மூன்றாவது: எதற்காகச் செய்யப்பட்டது?

இந்த வெள்ளை ஹெல்மட் இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது என்றால் நம்புவீர்களா? மெக்குவாரியின் ஓவியங்களைப் பார்த்து நிக் பெம்பர்டன் களிமண் மாதிரி செய்தார். அன்ட்ரூ ஏன்ஸ்வர்த் என்பவர் அதைக்கொண்டு பிளாஸ்டிக்கில் வார்த்தார். முதலில் 50 ஹெல்மட். 2004 இல் அவரே அவற்றின் பிரதிகளைப் பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கினார். லூகாஸ்ஃபில்ம் வழக்குப் போட்டது. அமெரிக்க நீதிமன்றம் 2006 இல் அவருக்கு எதிராக 2 கோடி டொலர் தீர்ப்பளித்தது. இங்கிலாந்தில் வழக்கு ஏறி ஏறி, 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது: இந்த ஹெல்மட் சட்டத்தின் கண்ணில் சிற்பம் அல்ல. கலைப்படைப்பு படம்தான். ஹெல்மட் அந்தப் படத்தைச் செய்வதற்குப் பயன்பட்ட ஒரு பொருள்.

சட்டத்துக்கு அது எப்படியோ, நடுவர்களுக்கு இதில் பாடம் இருக்கிறது. அது கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்ப்பதற்குச் செய்த பொருளல்ல. ஓடுகிற, விழுகிற, சுடுபடுகிற ஆள் போட்டுக்கொள்வதற்கு அவசரத்தில் செய்தது. பொலித்தீன் இனப் பிளாஸ்டிக்கில் பெயின்ட் சரியாக ஒட்டாது. உரியும். அந்த உரிவும், கோணலான காதும், கை நடுங்கிய கோடும் அந்தப் பொருளின் வரலாறு. அதை அழித்துவிட்டு 'அசலோடு ஒத்தது' என்றால், ஒத்திருப்பது நமது ஆசையோடுதான்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிறவர்கள் இல்லாமலில்லை. 1997 இல் அமெரிக்காவில் அல்பின் ஜோன்சன் தொடங்கிய 501 ஆவது லீஜன் என்ற இரசிகர் அமைப்பு, உடைகளுக்கென்று எழுத்தில் அளவுகோல் வைத்திருக்கிறது. எந்தப் படம், எந்த வகை, எந்தப் பகுதி எப்படி இருக்கவேண்டும் என்று முன்கூட்டியே எழுதியிருக்கும். அதைப் பார்த்துச் செய்யலாம், அதைப் பார்த்தே சரிபார்ப்பார்கள். அந்த உடையோடு வைத்தியசாலைகளில் பிள்ளைகளைப் பார்க்கவும் போகிறார்கள். விளையாட்டுத்தான். ஆனால் அளவுகோலை ஒளித்து வைத்துவிட்டு ஆளைத் திருத்தும் விளையாட்டல்ல.

'இதெல்லாம் ஒரு பிளாஸ்டிக் தொப்பி, இதற்கு இவ்வளவு எழுத்தா?' என்று கேட்பீர்கள். தொப்பி சின்னதுதான். வீண்விரயம் என்று சொன்னால் அதிலும் நியாயம் இருக்கிறது. ஆயிரக்கணக்கான டொலர் கொடுத்து வாங்கி அலுமாரியில் பூட்டுவதை நாமும் ஆதரிக்கவில்லை. ஆனால் காகிதக்கூழில் செய்த பிள்ளை எதை விரயம் செய்தான்? பழைய பத்திரிகையையா?

அளவு நிறுவையில் மோசம் செய்பவர்களைக் கண்டித்து ஒரு ஸூராவே இறங்கியிருக்கிறது. தராசு என்றால் கடையில் இருப்பது மட்டும்தானா? புள்ளித்தாளும் தராசுதான். நமக்குப் பிடித்ததற்கு நிறைத்து அளந்து, உண்மையைத் தேடிச் செய்தவனுக்குக் குறைத்து அளந்தோம். அவனுக்கு அன்று கிடைத்த பாடம் என்ன? அசலைத் தேடிப் படிக்காதே, மற்றவர்கள் அசல் என்று நினைத்துக்கொண்டிருப்பதைச் செய். இந்தப் பாடம் ஹெல்மட்டோடு நிற்காது. நாளைக்கு வரலாறு எழுதும்போதும், ஆய்வுகூடத்தில் வாசிப்புக் குறிக்கும்போதும் அவனுக்கு ஞாபகம் வரும்.

அச்சு இயந்திரத்தில் செய்த பிள்ளையில் பிழையில்லை. அவனது அட்டையில் 2005 என்று இருந்திருந்தால் அவனுக்கும் நல்ல புள்ளி உரித்தானதே. கேட்க வேண்டியவர்கள் நாங்கள், நாங்கள் மூவரும் கேட்கவில்லை.

அடுத்த தடவை இப்படிச் செய்வோம். புள்ளித்தாளில் 'அசலோடு ஒத்திருத்தல்' என்ற வரிக்கு மேலே ஒரு வெற்றிடம் விடுங்கள்: 'எந்த அசல்? எங்கே பார்த்தாய்?' அதைப் பிள்ளை நிரப்பட்டும். நடுவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் மாதிரியைப் பார்க்க வேண்டும். தெரியாத பொருளென்றால் 'எனக்குத் தெரியாது, காட்டு மகன்' என்று சொல்லுங்கள். மரியாதை குறைந்துவிடாது.

கண்காட்சி முடிந்த அடுத்த வாரம் அந்தப் பையனைக் கூப்பிட்டு, "நீ சொன்னதுதான் சரி மகன்" என்றோம். பரிசு கொடுத்தாகிவிட்டது, மாற்ற முடியவில்லை என்றும் சொன்னோம்.

அவன் கேட்டது ஒன்றுதான்: "அப்போ அன்றைக்கு ஏன் சேர் நீங்க ஒன்றும் சொல்லல்ல?"

தெரியாது என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் தெரியாத விடயத்துக்குப் புள்ளி போட்ட தாளில் நமது கையொப்பமும் இருக்கிறது. அவனிடம் அன்று சொல்ல முடியாமற்போன பதிலை இன்று எல்லார் முன்னிலையிலும் எழுதுகிறோம்: பிழை அந்த ஹெல்மட்டில் இருக்கவில்லை மகன். எங்கள் மேசையில் இருந்தது.