பேசாத கட்டை

பி.காம். படித்தவனை ஊரில் லேசில் விட மாட்டார்கள். கல்யாணம் என்றால் மொய் நோட்டு அவன் தலையில். நாசரேத்தில் எங்கள் பாடகர் குழுவிலும் என் கதி அதுதான். நான் பாடினால் என்ன ஆகும் என்பது சார்வாளுக்குத் தெரியும். ''நீ உண்டியலப் புடிலே'' என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

டிசம்பர் ராத்திரிகளில் கேரல் ரவுண்ட்ஸ். அந்த வருஷ வசூலில் புது கீபோர்டு வாங்குவதாகத் திட்டம். பழைய ஆர்மோனியத்தில் ஒரு கட்டை பேசாது. அந்த ஸ்வரம் வரும்போதெல்லாம் பாட்டுக்கு விக்கல்!

கடைசி ராத்திரி ஒரு பனையேறி வீட்டு வாசலில் நின்றோம். மனுஷர் மரத்திலிருந்து விழுந்து ஆறு மாசமாகப் படுக்கை. வைத்தியத்துக்கு வாங்கிய கடன் வட்டி போட்டு வளர்ந்துகொண்டிருந்தது. பாட்டு முடிந்ததும் அவர் சம்சாரம் ஐந்து ரூபாயோடு வந்தார். என் கை தானாக உண்டியலைப் பின்னால் மறைத்தது.

''ஏன் தம்பி, எங்க வீட்டுக் காணிக்கை மட்டும் ஆகாதோ?''

வாங்கிக்கொண்டேன்.

வசூலை எண்ணி முடித்ததும் சார்வாள் ஆரம்பித்தார். ''தொண்டை கிழியப் பாடுதீங்களே அல்லேலூயா கோரஸ், அது எதுக்காக முதல்ல பாடினது தெரியுமாலே?''

ஹாண்டலின் 'மெசியா'வில் வருவது அது. 1742 ஏப்ரல் 13, டப்ளின் நகரில் அரங்கேற்றம். இடம் போதாது என்று, பெண்கள் பாவாடைக்குள் வளையம் வைக்காமலும் ஆண்கள் வாள் இல்லாமலும் வரும்படி பத்திரிகையில் வேண்டுகோளே வந்ததாம்! சுமார் 700 பேர் நெருக்கியடித்துக் கேட்டார்கள். சுமார் 400 பவுன் சேர்ந்தது. அது இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கும், கடனுக்காகச் சிறையில் கிடந்தவர்களுக்கும் போனது. 142 பேர் விடுதலை. பிற்பாடு லண்டன் அநாதைக் குழந்தைகள் இல்லத்துக்காகவும் ஹாண்டல் வருஷா வருஷம் அதை நடத்தினார்.

''அப்போ கீபோர்டு?'' என்றான் ஒருத்தன்.

''நம்ம ஆர்மோனியத்துல ஒரு கட்டைதாம்டே பேசல. அங்க அடுப்பே பேசல.''

எனக்குள் இருந்த பி.காம். விழித்துக்கொண்டது. ''கீபோர்டுக்குன்னு வாங்கின காச வேற செலவுக்கு எடுத்தா கணக்கு உதைக்கும், சார்வாள்.''

''சரி, குடுத்தவங்ககிட்டயே கேட்டுட்டு வா.''

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். பாட்டு இல்லாமல் மறுபடி வீடு வீடாக நடந்தேன். ஒருத்தரும் மறுக்கவில்லை. இரண்டு பேர் மேற்கொண்டு கொடுத்தார்கள்.

அசலில் முக்கால்வாசி அடைந்தது. மீதிக்கு வட்டி வேண்டாம் என்றுவிட்டார் கடன் கொடுத்தவர். (அவர் மகன் எங்கள் குழுவில்தான் பாடுகிறான் என்பதை நான் சும்மா ஞாபகப்படுத்தினேன். அவ்வளவுதான்!)

அடுத்த டிசம்பரிலும் அதே ஆர்மோனியம். பேசாத கட்டை வரும் இடத்தில் மட்டும் எல்லோரும் கொஞ்சம் சத்தமாகப் பாடினோம்.

நான் உட்பட.