கடைசல் யந்திரத்தில் ஆட்டமும் சாட்டரும்

தொழிற்பயிற்சி நிலையங்களிலிருந்தும் பழுதுபார்க்கும் பட்டறைகளிலிருந்தும் வரும் பராமரிப்புக் குறிப்புகளை மொழிபெயர்க்கும் பொறுப்பில் இருப்போருக்கு நன்கு பழக்கமான வாக்கியம் ஒன்று உண்டு. ‘லேத்தில் ஆட்டம் உள்ளது’ என்பதே அது. இந்த ஒரு வாக்கியத்தை ஆதாரமாகக் கொண்டு ஸ்பிண்டில் பேரிங் வாங்கக் கோரிக்கை எழுகிறது. திருகாணியும் நட்டும் மாற்றப்படுகின்றன. சில இடங்களில் நல்ல யந்திரமே உபயோகத்திற்கு ஒவ்வாததென ஒதுக்கப்பட்டு, மூலையில் துணி போர்த்திக் கிடக்கிறது. எந்த உறுப்பு, எவ்வளவு, எந்தத் திசையில் ஆடுகிறது என்னும் செய்தி மட்டும் குறிப்பில் இராது.

இக்குறைக்குப் பட்டறையாளரை மட்டும் பொறுப்பாக்குவது முறையன்று. நமது கையேடுகளின் மொழியும் இதற்குக் காரணமாகும். ஒன்றன்மேல் ஒன்று நகரும் உறுப்புகளிடையே தேய்வினால் ஏற்படும் தளர்வு ஒன்று. திருகாணிக்கும் நட்டுக்கும் இடையேயுள்ள பேக்லாஷ் மற்றொன்று. சக்கின் சமனின்மையாலோ பெல்ட்டின் தடித்த இணைப்பாலோ யந்திரம் முழுவதும் அதிர்வது வேறொன்று. வெட்டும்போது உளியும் வேலைப்பொருளும் ஒன்றையொன்று உதைத்துப் பரப்பில் அலையலையாகத் தழும்பு இடும் சாட்டர் முற்றிலும் வேறானது. இந்நான்கினையும் ‘ஆட்டம்’, ‘அதிர்வு’ என்னும் இரண்டு சொற்களுக்குள் அடக்கிவிட்டோம். அழகிய தமிழ்ச் சொல் ஒன்று நான்கு நோய்களை மறைக்குமானால், பட்டறையில் வழங்கும் சாட்டர், பேக்லாஷ் என்னும் சொற்களை அப்படியே எழுதுவது மேல் என்பது எமது துணிபு.

சாட்டர் புதிய தொல்லையன்று. உலோகம் வெட்டும் கலையைப் பற்றி அமெரிக்கப் பொறியாளர் டெய்லர் எழுதி 1907-இல் வெளியான ஆய்வுரையிலேயே, பட்டறையாளர் எதிர்ப்படும் பிரச்சினைகளுள் மிகவும் விளங்காதது இதுவே என்னும் கருத்துக் காணப்படுகிறது. 1950-களில் செக்கோஸ்லோவாக்கியாவில் டுலஸ்டியும் இங்கிலாந்தில் டோபயாஸும் செய்த ஆராய்ச்சிகளே இதனைத் தெளிவாக்கின. ஒரு சுற்றில் உளி சற்றே நடுங்கினால் பரப்பில் மெல்லிய அலை பதிகிறது. அடுத்த சுற்றில் உளி அந்த அலையின்மேலேயே செல்ல வேண்டியிருப்பதால், வெட்டப்படும் சுருளின் தடிப்பு ஏறி இறங்குகிறது; வெட்டு விசையும் அவ்வாறே மாறுகிறது; நடுக்கம் தன்னைத்தானே வளர்த்துக் கொள்கிறது. வெளியிலிருந்து எவரும் ஆட்டிவிட வேண்டுவதில்லை.

இவ்வேறுபாட்டினை அறிந்தவருக்கு முதற் சோதனை மிக எளிது. ஓசை எழும்போது, யந்திரத்தை நிறுத்தாமல் உளியை மட்டும் பின்னிழுக்க வேண்டும். ஓசை அக்கணமே அடங்கினால் அது வெட்டினால் விளைவது. உளி விலகிய பின்னும் அதிர்வு நீடித்தால் குற்றம் சக்கு, பெல்ட், பல்சக்கரம், மோட்டார் ஆகிய சுழலும் உறுப்புகளில் இருக்கிறது. அடுத்து, வேகத்தைச் சற்று மாற்றிப் பார்க்கலாம். சுழற்சியோடு பிறக்கும் அதிர்வின் சுருதி வேகத்தோடு ஏறி இறங்கும். சாட்டரின் சுருதியோ ஏறக்குறைய அப்படியே நிற்கும். ஏனெனில் அது யந்திரத்தின் அல்லது வேலைப்பொருளின் இயற்கை அதிர்வெண்ணை ஒட்டியது. இதற்குக் கருவி ஏதும் தேவையில்லை, காது போதும்.

தளர்வைக் காண்பதற்குக் காது போதாது. நூற்றில் ஒரு மில்லிமீட்டர் காட்டும் டயல் கேஜ் வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்து, கேஜின் காந்தப் பாதத்தைப் படுகையின்மேல் நிறுத்தி, முனையை ஸ்பிண்டிலின் மூக்கில் வைக்க வேண்டும். சக்கின்மேல் வைத்தலாகாது, சக்கே தளர்ந்திருக்கக்கூடும். பின்னர்ச் சக்கில் பிடித்த மரக்கட்டையால் ஸ்பிண்டிலை மெல்ல நெம்பிப் பார்க்கலாம். சிறு விசைக்கே முள் ஒரேயடியாக நகர்ந்து பின்பு நின்றுவிட்டால் அங்கே இடைவெளி உள்ளது. விசை கூடக் கூடச் சிறிது சிறிதாக நகர்ந்தால் அது உலோகத்தின் வளைவேயாகும். எந்த யந்திரத்திலும் அது உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் முள் அசைந்ததென்று மட்டும் எழுதுவோர் பலர். இதே சோதனையை மேல் ஸ்லைடிலும், குறுக்கு ஸ்லைடிலும், காரியேஜிலும், டூல் போஸ்டிலும் ஒவ்வொன்றாகச் செய்தல் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர்க் கலைச்சொற்களைச் சரிபார்க்கும் பொருட்டு ஒரு பயிற்சி நிலையத்திற்குச் சென்றிருந்தோம். அங்கே ஆறடி லேத் ஒன்று பேரிங் போய்விட்டதென ஒதுக்கப்பட்டிருந்தது. மூத்த பயிற்றுநர் ஒருவர் டயல் கேஜை வைத்துப் பார்த்தார். ஸ்பிண்டிலில் முள் ஒரு பிரிவுகூட நகரவில்லை. டூல் போஸ்டைக் கையால் அழுத்தியதும் 15 பிரிவுகள் தாவிற்று. கழற்றிப் பார்த்தபோது டூல் போஸ்டின் அடியில் இரும்புச் சுருளின் துணுக்குகள் நசுங்கிக் கிடந்தன. மேல் ஸ்லைடின் ஜிப் திருகாணிகளில் பூட்டு நட்டுகள் இரண்டு தளர்ந்திருந்தன. துடைத்து முடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. பேரிங்குக்கான கோரிக்கையோ ஏற்கெனவே மேலிடத்துக்குப் போய்விட்டது. அது வந்து சேர்ந்து, இன்றும் அலமாரியில் பத்திரமாக இருப்பதாகக் கேள்வி.

பேக்லாஷைப் பற்றிய அச்சமும் மிகையானதே. குறுக்கு ஸ்லைடின் கைப்பிடி கால் சுற்று வெறுமனே சுழல்வதைக் கண்டதும் சாட்டருக்கு அதுவே காரணம் என்று முடிவு கட்டுகிறார்கள். வழக்கமான வெட்டில் வெட்டு விசை உளியைப் பின்னோக்கித் தள்ளி, திருகாணியின் ஒரு பக்கத்திலேயே நட்டை அழுத்தி வைக்கிறது. ஆகவே அவ்விடைவெளி அங்கே பெரும்பாலும் செயலற்றுப் போகிறது. பித்தளையைச் சரிவு மிகுந்த உளியால் கடையும்போது உளி உள்ளே இழுபட்டுப் பாய்வது உண்மை. அங்கே பேக்லாஷ் தீமை செய்யும். மற்றபடி, சாட்டருக்காகத் திருகாணியை மாற்றுவது தலைவலிக்குச் செருப்பை மாற்றுவது போன்றது.

யந்திரத்தில் தளர்வே இல்லாதபோதும் சாட்டர் எழலாம் என்பதைப் பலரும் ஒப்புவதில்லை. சக்கிற்கு வெளியே நீண்டிருக்கும் கம்பியின் நீளம் இருமடங்கானால், அதே விசைக்கு அதன் முனை எட்டு மடங்கு வளைகிறது. நீளம் மாறாமல் விட்டம் பாதியானால் வளைவு 16 மடங்காகிறது. டூல் போஸ்டிலிருந்து உளி நீண்டிருப்பதற்கும் இக்கணக்கே பொருந்தும். விட்டத்தைப்போல் மூன்று அல்லது நான்கு மடங்குக்கு மேல் நீளும் வேலைக்கு வால்பெட்டியின் சென்டர் தாங்குதல் வேண்டும். உளியின் மூக்கு அகன்றிருந்தாலும் தொல்லை மிகும். துண்டிக்கும் உளியும் வடிவ உளியும் அதிகமாக அலறுவது இதனாலேயே. ஃபீட் எனப்படும் ஊட்டத்தைக் குறைப்பதுதான் பரிகாரம் என்று எண்ணுகிறோம். பல வேளைகளில் வேகத்தைக் குறைத்து ஊட்டத்தைச் சற்றே கூட்டினால்தான் ஓசை அடங்குகிறது. மிக மெல்லிய ஊட்டத்தில் உளி வெட்டாமல் உரசிக்கொண்டிருக்கும்.

சக்கின் தாடைகளைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. நேரான கம்பியைப் பிடிக்கும்போது ஒவ்வொரு தாடையின் முன்னும் பின்னும் மெல்லிய காகிதத் துண்டுகளை வைத்து இறுக்க வேண்டும். முன்புறத் துண்டுகள் மட்டும் எளிதில் உருவி வந்தால், தாடைகள் வாயில் தேய்ந்து, உள்ளே மட்டும் பிடிக்கின்றன என்பது விளங்கும். அத்தகைய சக்கை வைத்துக்கொண்டு பேரிங்கை மாற்றிப் பயனில்லை.

எல்லாவற்றையும் இறுக்குவதே பழுதுபார்த்தல் என்னும் எண்ணம் மிகவும் கேடு தருவது. படுகையும் ஸ்லைடுகளும் அதிகம் உழைக்கும் இடத்தில் அதிகம் தேய்கின்றன. அவ்விடத்திற்குத் தக்கபடி ஜிப்பை இறுக்கினால் தேயாத முனையில் ஸ்லைடு சிக்கிக் கொள்ளும். எங்கும் தடையின்றி, ஆயினும் சற்றே கனமாக நகரும் அளவே போதுமானது. நகர வேண்டாத ஸ்லைடுகளை வேலை நேரத்தில் பூட்டி வைப்பது இறுக்குவதைவிட நன்மை பயக்கும். வெண்கலப் புஷ் கொண்ட பழைய ஸ்பிண்டில்களில் எண்ணெய்ப் படலத்திற்கு இடம் வேண்டும். அவ்விடைவெளியையும் குறையென்று கருதி இறுக்கியவர்கள் புஷ்ஷைக் கருக்கிவிடுவார்கள்.

ஆசிரியர்கள் இதனைப் படம் வரைந்து கற்பிப்பதோடு நிறுத்துதல் போதாது. மாணவர் வருமுன் ஒரு நாள் ஜிப் திருகாணி ஒன்றைத் தளர்த்தியும், மற்றொரு நாள் உளியை வேண்டுமென்றே நீட்டியும், வேறொரு நாள் எதையும் மாற்றாமலும் யந்திரத்தை ஒப்படைத்து, குற்றம் எங்கே என்று அளந்து எழுதச் சொல்லலாம். குற்றம் இல்லாத நாளில் ‘குற்றம் இல்லை’ என்று எழுதும் மாணவரே தேறியவர்.

கள அலுவலர்களின் படிவத்திலும் சிறு மாற்றம் வேண்டும். ‘ஆட்டம்’ என்னும் ஒரே கட்டத்தை நீக்கி, ஓசை உளி விலகியதும் அடங்கியதா, எந்த உறுப்பில் முள் எத்தனை பிரிவு தாவியது, வேலைப்பொருளின் நீளமும் விட்டமும் எவ்வளவு என்று கேட்டல் வேண்டும். இவை எழுதப்படாத உதிரிப்பாகக் கோரிக்கையைத் திருப்பி அனுப்புவது கடுமையாகத் தோன்றலாம். டயல் கேஜ் இல்லாத பட்டறைகளும் இருக்கின்றனவே என்று கேட்பார்கள். அங்கே முதலில் வாங்க வேண்டியது அதுவே. ஒரு ஜோடி ஸ்பிண்டில் பேரிங்கைக் காட்டிலும் அதன் விலை பெரும்பாலும் குறைவு.